பழைய சப்வூஃபர் ஏன் பேசவில்லை?

மாணவர்களே, ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளம் நெஞ்சில் அதிர்வதை உணர்ந்திருப்பீர்கள். வீட்டில் அத்தகைய தாழ்ந்த ஒலியைத் தருவது சப்வூஃபர். அதன் வேலை ஏறத்தாழ 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை.

பழைய பொருள் சந்தையில் வாங்கியது 'பேசிவ்' வகையா? அதனுள் ஆம்பிளிஃபையர் இல்லை. ஹோம் தியேட்டரின் 'சப்வூஃபர் பிரீ-அவுட்' துளை தருவது சிறு சமிக்ஞை மட்டுமே; பெரிய கூம்பை அசைக்க அது போதாது. இடையில் தனி ஆம்பிளிஃபையர் வேண்டும்.

மின்தடையையும் பாருங்கள். திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. 20 வோல்ட்டில் 8 ஓம் சப்வூஃபர் 50 வாட் இழுக்கும். 4 ஓம் என்றால் 100 வாட். மின்னோட்டமும் 2.5 ஆம்பியரிலிருந்து 5 ஆம்பியராகும். 8 ஓமுக்கென்றே செய்த ஆம்பிளிஃபையர் அப்போது சூடேறிப் பழுதாகலாம்.

எனவே, பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கம்பிகளை இணையுங்கள்.