ஜன்னலைச் சாத்துமுன்: மான்தலை மாட்டிய நிலக்கீழறைக்கு இலையுதிர்கால ஆலோசனை

ஒன்ராறியோவில் அக்டோபர் என்றால் மூஸ் வேட்டை. நவம்பர் என்றால் துப்பாக்கியோடு மான் வேட்டை. வீட்டுக்குள்ளும் இது பருவம் மாறும் நேரம். ஃபர்னஸ் ஓடத் தொடங்கும், ஜன்னல்கள் ஏப்ரல் வரை மூடியே கிடக்கும். பாடம் செய்த மான்தலை, கரடித்தோல், வாத்து, மீன் என்று சுவர் நிறைய மாட்டிவைத்த பேஸ்மென்ட் உள்ளவர்கள் செய்யவேண்டியதை இந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்து முடிப்பது நல்லது. வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அல்ல, பீற்றர்பரோ, சட்பரி பக்கம் பழைய வீட்டை வாங்கும்போது முன்னைய சொந்தக்காரர் விட்டுப்போன தலைகளையும் சேர்த்து வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த அறையில் மூக்கை நம்பக் கூடாது. பூஞ்சணம் மணக்கும், ஆர்செனிக் தூசியும் ரேடான் வாயுவும் மணக்கமாட்டா. மணத்தை அமுக்கப் போடும் அந்துருண்டை காற்றில் இன்னொரு நஞ்சைச் சேர்க்கும். ஆகவே முதலில் ஈரத்தை நிறுத்துங்கள், பிறகு தூசியைக் கிளப்பாமல் துப்புரவு செய்யுங்கள், கடைசியாகக் காற்றை அளந்து பாருங்கள்.

இந்த வாரம்: ஈரம்

வேலை வீட்டுக்கு வெளியே தொடங்குகிறது. கூரைப் பீலியில் அடைந்த இலைகளை அள்ளுங்கள். பீலிக் குழாய் சுவரடியிலேயே தண்ணீரைக் கொட்டினால், ஏறத்தாழ 2 மீற்றர் தள்ளிப் போய் விழுமாறு நீட்டுங்கள். சுவரை ஒட்டிய மண் வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் வெளிப்பக்கம் சரியுமாறு நிரப்புங்கள். அத்திவாரத்துக்குள் தண்ணீர் போகும் வரை உள்ளே எந்த இயந்திரம் வைத்தும் பயன் குறைவு.

உள்ளே ஓர் ஈரப்பதமானியை வையுங்கள். விலை அதிகம் இல்லை. அளவு 50 விழுக்காட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சணமும் பூச்சியும் வரும். ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரின் குழாயைத் தரை வடிகாலுக்கு விட்டுவிட்டால் வாளியை ஊற்ற மறந்து இயந்திரம் நின்றுபோகாது. அறை மிகவும் குளிர்ந்தால் சில இயந்திரங்களின் சுருளில் பனி பிடிக்கும், அதையும் கவனியுங்கள்.

தலைகளை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெளிப்புறக் கொங்கிரீட் சுவர் குளிர்காலத்தில் சில்லிட்டிருக்கும். அதோடு ஒட்டிய மரப்பலகைக்குப் பின்னால் காற்றோட்டம் இராது. அறையின் ஈரம் அங்கேதான் நீராகப் படியும். முன்பக்கம் மான் பளபளவென்று இருக்கும், பலகையின் முதுகில் கறுப்புப் புள்ளிகள் பரவியிருக்கும். முடிந்தால் உட்புறச் சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே சிறு கட்டை கொடுத்து இடைவெளி விடுங்கள். ஆனால் கழற்றுமுன் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

தொடுமுன்: ஆர்செனிக்

தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஆர்செனிக் பூசி வந்தார்கள். பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் ழான் பப்டிஸ்ட் பெக்கூர் கலந்த ஆர்செனிக் சவர்க்காரம் உலகம் முழுவதும் பரவியது. 1980-களுக்கு முன் செய்த எந்தத் தலையிலும் ஆர்செனிக் உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது செய்தது என்று தெரியாதவற்றுக்கும் அதே விதிதான். பின்னாளில் போராக்ஸ், பதனிட்ட தோல், நுரை வார்ப்பு என்று முறை மாறியது.

ஒரு டோர்ச்சை எடுத்துக் கிட்டே போய்ப் பாருங்கள், கை வைக்க வேண்டாம். காதின் அடி, கண்ணின் ஓரம், கழுத்தடித் தையல், குளம்பைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் வெள்ளைத் தூளோ உப்புப் பூத்த மாதிரிப் படிகமோ தெரிகிறதா? தெரிந்தால் எச்சரிக்கை. தெரியாவிட்டாலும் இல்லை என்று ஆகாது. பிறகு தலைக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். உதிர்ந்த மயிரும் தூளும் அங்கே இருந்தால், அந்தத் தூசிதான் உங்கள் காலோடும் குழந்தையின் கையோடும் மாடிக்கு ஏறுகிறது.

செய்யக் கூடாதவை: தும்புத்தடி, இறகுத் துடைப்பம், சாதாரண வாக்குவம். இவை தூசியைக் காற்றில் கிளப்பிவிடும். செய்ய வேண்டியது: என்95 முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொண்டு, ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவத்தைக் குறைந்த இழுவிசையில் பிடியுங்கள். வாக்குவக் குழாயின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டினால் மயிர் பிய்ந்து போகாது. தரையை ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். அன்று போட்ட உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். சிறுவர்களும் கர்ப்பிணிகளும் அந்த நேரம் அந்தப் பக்கம் வரக் கூடாது. வெறும் கொம்பையும் மண்டையோட்டையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பழைய தலைக்கு நல்ல தீர்வு இறுக்கமாக மூடிய கண்ணாடிப் பெட்டி. தூசியும் வெளியே வராது, பூச்சியும் உள்ளே போகாது.

ஈரத்தை ஏன் முதலில் சொன்னோம் என்பதற்கு இங்கே இன்னொரு காரணம் இருக்கிறது. ஆர்செனிக் கலந்த பொருளில் சில பூஞ்சணங்கள் வளர்ந்தால், பூண்டு மணமுள்ள வாயுவாக அதை மாற்றிக் காற்றில் விடும். 1890-களில் இத்தாலிய மருத்துவர் பார்டொலோமியோ கோசியோ இதைக் காட்டினார். உலர்ந்த அறையில் அந்தப் பூஞ்சணம் வளராது.

பூச்சி வந்தால்

தோலில் வழுக்கையாய்த் திட்டு, தரையில் மண்போலத் தூள், மயிர் முளைத்த சிறு புழுச் சட்டைகள் ஆகியவை தோல்வண்டின் அடையாளம். பட்டுச்சேலைப் பெட்டிக்குப் போடுகிற பழக்கத்தில் இங்கேயும் அந்துருண்டையைத் தூவாதீர்கள். நாஃப்தலீன் ஆகட்டும் பாராடைகுளோரோபென்சீன் ஆகட்டும், காற்றுப் புகாத பெட்டிக்குள் மட்டும் வைக்க வேண்டியவை. திறந்த அறையில் போட்டால் அந்த ஆவியை நீங்கள்தான் நாள்முழுக்கச் சுவாசிப்பீர்கள். ஜி-6-பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, நாஃப்தலீன் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம்மவர் குடும்பங்களிலும் இந்தக் குறைபாடு உண்டு. வாசனைத் தெளிப்பான்களும் வேண்டாம்.

சிறிய பொருளானால் பொலித்தீனில் இறுகக் கட்டி, −20 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் உறையவையுங்கள். சாப்பாடு வைக்கும் ஃப்ரீசரில் வேண்டாம். பெரிய தலையானால் பாடம் செய்பவரையே கேளுங்கள்.

ஜன்னல் மூடியதும்: ரேடான்

மண்ணில் உள்ள யுரேனியம் சிதைவதால் வரும் வாயு இது. நிறமும் மணமும் கிடையாது. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறும்போது வீடே புகைபோக்கிபோல அடியிலிருந்து இழுக்கும். தரை வெடிப்பு, வடிகால், சம்ப் குழி வழியாக ரேடான் நுழையும். கனடாவில் புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான். நண்பர்களோடு நாலு மணி நேரம் உட்காரும் அறை என்றால் கட்டாயம் அளக்க வேண்டும்.

நீண்டகால அளவைக் கருவி ஒன்றை வாங்கிக் குறைந்தது 3 மாதம் வையுங்கள். ஜன்னல் மூடியிருக்கும் மாதங்களே இதற்கு ஏற்றவை. உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில், சம்ப் குழிக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள். கனடாவின் வழிகாட்டு அளவு ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. 200-க்கும் 600-க்கும் இடையில் வந்தால் 2 ஆண்டுக்குள், 600-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குள் சரிசெய்யச் சொல்கிறது கனடா சுகாதாரத் துறை. தரைக்கு அடியிலிருந்து காற்றை விசிறியால் இழுத்து வெளியே விடும் குழாய்தான் வழக்கமான தீர்வு. சான்றுபெற்ற ஆளைக் கொண்டு செய்வியுங்கள்.

குளிர்காலம் முழுவதும்

ஃபர்னஸ் உள்ளிழுக்கும் ரிட்டர்ன் வாய்க்கு மேலேயோ பக்கத்திலேயோ பழைய தலையை மாட்டாதீர்கள். உதிரும் தூசி வீடு முழுக்கச் சுற்றும். வடிகட்டியை இப்போதே மாற்றுங்கள். பேஸ்மென்ட்டில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இந்தப் பருவத்தில் புதிதாகப் பாடம் செய்து வந்த தலையைப் பசை, பெயின்ற் மணம் அடங்கும்வரை கராஜில் வைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். கண்ணாடி ஜன்னலில் நீர் வழிந்தால் ஈரம் கூடிவிட்டது. தோல் வெடித்தால் காற்று மிகவும் காய்ந்துவிட்டது. 35-லிருந்து 45 விழுக்காடு இரண்டுக்கும் நடுவான அளவு.

யாரைக் கூப்பிடுவது

ஒரு சதுர மீற்றருக்கும் சிறிய பூஞ்சணத் திட்டைச் சவர்க்காரத் தண்ணீரால் நீங்களே துடைக்கலாம், பிளீச் தேவையில்லை. அதைவிடப் பெரிதானால், அல்லது துடைத்தும் திரும்ப வந்தால் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அந்த அறைக்குப் போனால் மட்டும் இருமல், மூச்சிரைப்பு, கண்ணெரிவு வருகிறவர் வைத்தியரிடம் அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய தலை வேண்டாம் என்றால் குப்பைப் பையில் போடாதீர்கள், விறகோடு எரிக்கவே எரிக்காதீர்கள். ஆர்செனிக் உள்ளது என்று சொல்லி நகரசபையின் அபாயக் கழிவுப் பிரிவைக் கேளுங்கள். விற்பதற்கும் எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கும் அனுமதி தேவைப்படலாம். கரடி, பறவை வகைகளுக்கு முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.