செவ்வாய்க்காரர்கள் ஆரணியில் இறங்கினால்...?



அறிவியல் கதை எழுதச் சொன்னால் நம்மில் பலர் முதல் வரியிலேயே அமெரிக்கா போய்விடுகிறோம். விண்கலம் நியூயார்க்கில் இறங்கும். விஞ்ஞானியின் பெயர் டாக்டர் ஜான். நியூயார்க்கில் டீக்கடை எந்தப் பக்கம் இருக்கும்னு கூட நமக்குத் தெரியாது! தெரிந்த ஊர் ஒன்று இருக்கும்போது தெரியாத ஊருக்கு ஏன் போகணும்? நம்ம ஊரிலேயே நடக்கிற அறிவியல் கதையை எழுதுவது எப்படி என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

சைக்கிளில் சுற்றிய எழுத்தாளர்

எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1895-ல் வோக்கிங் என்ற ஊரில் குடியேறினார். லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் ஊர் அது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் எல்லாம் சுற்றுவார். செவ்வாய்க்காரர்களை எங்கே இறக்கலாம், எந்த இடத்தை அழிக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அப்படி எழுதி, 1898-ல் நூலாக வந்ததுதான் ‘உலகங்களின் போர்’. அதில் விண்கலம் விழும் ஹார்செல் திடல் நிஜமாகவே வோக்கிங் பக்கத்தில் இருக்கிறது. கதையில் வந்த மூன்று கால் இயந்திரத்துக்கு இப்போது அந்த ஊரிலேயே சிலை வைத்திருக்கிறார்கள்!

1938-ல் ஆர்சன் வெல்ஸ் என்பவர் இதே கதையை அமெரிக்காவில் வானொலி நாடகமாகப் போட்டார். அவர் செய்த முக்கியமான மாற்றம் ஊர்ப்பெயர். வோக்கிங்கை எடுத்துவிட்டு நியூஜெர்சியில் உள்ள குரோவர்ஸ் மில் என்ற சின்ன ஊரைப் போட்டார். கேட்டவர்களில் சிலர் உண்மை என்றே நம்பிப் பயந்துபோனார்கள். (நாடே நடுங்கியது என்று அப்போது பத்திரிகைகள் எழுதியது மிகை என்று இப்போது சொல்கிறார்கள்.) தூரத்து ஊரில் நடந்தால் அது செய்தி. நம்ம ஊரில் நடந்தால்தான் வயிற்றைக் கலக்கும்!

நம்ம சுஜாதா

தமிழில் இந்த வேலையைச் செய்தவர் எழுத்தாளர் சுஜாதா (1935–2008). இவர் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதிலும் இவருக்குப் பங்கு உண்டு. 1980-களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையை எழுதினார். அது நடக்கும் காலம் நாம் இப்போது இருக்கும் இதே 2020-கள்தான். அந்தக் கதையில் யாருக்கும் நீளமான பெயர் கிடையாது. நிலா, சிபி, ரவி, மனோ... எல்லாமே இரண்டு எழுத்து. அரசாங்கத்தின் உத்தரவு அப்படி! குழந்தைக்குப் பேர் வைக்கிறதில் கூட அரசாங்கம் தலையிடுது என்றால், அது எப்பேர்ப்பட்ட ஆட்சி என்று நமக்கே புரிந்துவிடுகிறது. ‘திமலா’ என்ற சிறுகதையில் வருங்காலக் கணவன் மனைவி திமலாவுக்குக் கிளம்புகிறார்கள். திமலா வேறெதுவும் இல்லை, நாம் மொட்டை போடப் போகிற திருமலைதான்!

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. ஒன்றை மட்டும் மாற்று. மற்ற எல்லாம் ஊரில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

‘ஆரணி ரயில் நிலையத்தில் ரோபோ வந்து இறங்கியது’ என்று எழுதிப் பாருங்கள். இந்தச் சுவரிதழ் முன்னாடி நிற்கிற எல்லாரும் சிரிப்பீர்கள். ஆரணி ரோடு ஸ்டேஷன் களம்பூரில் அல்லவா இருக்கிறது! ரோபோவை நம்புவோம், ஸ்டேஷனை நம்ப மாட்டோம்.

தறியிலேயே கதை இருக்கு

நம்ம வீட்டுத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1804-ஐ ஒட்டி பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு அமைத்தது. அவருடைய லியோன் நகரமும் நம்மைப் போலப் பட்டு நெய்யும் ஊர்தான். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை மேலே ஏறும், இல்லையென்றால் ஏறாது. இந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் 1830-களில், அட்டை மூலம் கட்டளை வாங்கிக் கணக்குப் போடும் இயந்திரத்தைத் திட்டமிட்டார். கம்ப்யூட்டரின் தாத்தா நம்ம தறி மேலேயே உட்கார்ந்திருக்கார்!

இதை வைத்து நான் ஒரு கதை யோசித்தேன். ஒரு நாள் காலையில் ஆரணியில் எல்லாத் தறியிலும் யாருமே போடாத ஒரே டிசைன் விழுகிறது. அது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த சேதி. அடுத்து விஞ்ஞானிகள், ஹெலிகாப்டர், டி.வி.க்காரங்க என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “சொன்ன டிசைன் வேற, நெஞ்சது வேற. மொதலாளி சேலைய எடுக்க மாட்டாரு. பாவும் ஜரிகையும் அவருது. கூலி யாரு பாப்பா குடுப்பாங்க?”

நான் போட்ட ஹெலிகாப்டரை விட இந்தக் கேள்விதான் பெரிசு. வெளியூர்க்காரர் எழுதினால் விஞ்ஞானியோடு நிறுத்திவிடுவார். கூலி யார் தருவது என்று கேட்க, தறி இருக்கிற வீட்டில் பிறந்திருக்கணும். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். “2060-ல் நீ எங்கே இருப்பாய்?” என்று வகுப்பில் பேசினோம். சென்னை, பெங்களூர், துபாய் என்றார்கள். ஆரணி என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எங்க அப்பாவே “நீ படி, தறிக்கு வராதே” என்கிறார். அது அவர் பட்ட கஷ்டம், தப்பு சொல்ல முடியாது. ஆனால் 2060-லும் யாராவது பட்டுச்சேலை கேட்பார்கள். அதை நெய்வது யார்? கௌரவமான கூலி வாங்கும் ஒரு நெசவாளியா, ஆளே இல்லாத ஒரு கூடமா, இல்லை தறி காட்சிச்சாலைக்குப் போய்விட்டதா? மூன்றையும் கதையாக எழுதிப் பார்க்கலாம். எது நமக்கு வேண்டும் என்று எழுதும்போது தெரியும். நாம எழுதாவிட்டால், நாம் இல்லாத வருங்காலத்தைத்தான் மற்றவர்கள் எழுதுவார்கள்.

உங்களுக்கு மூன்று பயிற்சிகள்

1. கமண்டல நாகநதியில் வருஷம் முழுக்க வெள்ளம் ஓடுகிறது. முதலில் யாருடைய வேலை மாறும்?

2. 1751-ல் ஆரணியில் நடந்த போரில் ராபர்ட் கிளைவ் ஜெயித்தார். தோற்றிருந்தால் இன்று நம்ம கோட்டையில் என்ன இருக்கும்?

3. பேசத் தெரிந்த ஒரு தறி உங்க தெருவில் இருக்கு. ராத்திரி அது யாரிடம், என்ன சொல்லும்?

எழுதும் முன் அந்த இடத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வாங்க. இரண்டு பக்கம் போதும். எழுதியதைத் தமிழ் ஐயாவிடம் கொடுங்க, அடுத்த இதழில் ஒட்டுவோம்.

— 11-ஆம் வகுப்பு மாணவி