செடிக்கு ஒரு வருஷம் கொடு

ஒட்டன்சத்திரம்,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள கயல்விழிக்கு அத்தை எழுதுவது.

கோவையில் வேலையும் வீடும் உனக்குப் பிடித்துவிட்டதென்று உன் அப்பா சொன்னான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. நீ அனுப்பிய படங்கள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கேமரா உன் கைக்கு நன்றாகப் பழகிவிட்டது. கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் எடுத்த டேலியாவின் இதழடுக்கு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "குறிஞ்சி அடுத்து எப்போ பூக்கும் அத்தை? அதுக்குள்ள நல்ல லென்ஸ் வாங்கிடறேன்." மூணாறு, இரவிகுளம் பக்கத்து மலைகளில் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. கட்டாயம் போய்ப் பார். ஆனால் அதுவரை இருக்கும் மாதங்களை நீ எப்படிக் கழிக்கப்போகிறாய் என்பதில்தான் எனக்கு அக்கறை. பேர்பெற்ற பூ பூக்கிற நாளில் மட்டும் மலையேறுவது, கல்யாண வீட்டுக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்விட்டு உடனே திரும்புவதைப் போன்றது. பெண் யார், மாப்பிள்ளை யார், என்ன உறவு, ஒன்றும் தெரியாது.

உன் படங்களில் எனக்குப் பட்ட குறையும் அதுதான், கண்ணு. எல்லாவற்றிலும் பூ இருக்கிறது, செடி இல்லை. பின்னணியை மங்கவிட்டு, இதழை மட்டும் தூக்கிக் காட்டுகிறாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சள் பூவை ஆவாரை என்பதா, வேறு பூ என்பதா என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. இலையைக் காணோம், காயைக் காணோம், எந்த மாதம், எந்த மண் என்றும் தெரியவில்லை. ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: பூவை எடுக்கப் போகாதே, செடியை எடுக்கப் போ. ஒரு செடிக்கு ஒரு வருஷம் கொடு.

அதற்கு நீ நெடுந்தூரம் போக வேண்டாம். சிங்காநல்லூர் குளக்கரை உன் வீட்டுக்குப் பக்கம்தானே. கரையில் உனக்குப் பிடித்த ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடு. வாரம் ஒருமுறை காலையில் அதே இடத்துக்குப் போ. மாதங்கள் மாற மாற அங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்.

மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் தரையோடு தரையாக விஷ்ணுகிரந்தி பூக்கும். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூ. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், காலையில் போனால்தான் உண்டு. அதே ஈரத்தில் தும்பை வெள்ளைவெளேரென்று எழும். மார்கழி கடைசியில் சிறுபீளை நரைத்தாற்போல் பூத்து நிற்கும். போகியன்று நம் ஊரில் காப்புக்கட்ட அதையும் ஆவாரையையும் வேப்பிலையையும்தானே தேடிப் போகிறோம். மாசியில் முள்ளிலவு இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் கிண்ணம் கிண்ணமாகச் சிவப்பாகப் பூக்கும். மைனாவும் காக்கையும் தேனுக்கு அடித்துக்கொள்ளும். மலையடிவாரத்துப் பக்கம் போனால் புரசும் அந்நேரம் எரிகிற நிறத்தில் நிற்கும். பங்குனியில் வேம்பும் புங்கையும் பூக்கும். சித்திரையில் கொன்றை சரம் சரமாகத் தொங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று அடிக்கும்போது எந்தப் பூவும் ஒரு நொடி நிற்காது. அந்த மாதங்களில் காய்களையும் விதைகளையும் பார். எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பது அந்தக் காற்றில்தான் அழகு.

இப்படி ஒரு சுற்று வந்தால் "இப்போ ஒண்ணும் பூக்கலை" என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பூக்காத செடியும் ஏதோ ஒரு வேலையில்தான் இருக்கிறது.

ஒரே செடியோடு நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கே எங்கள் தோட்டத்துக்கு அடுத்த காட்டையே சொல்கிறேன். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் செங்காந்தளைப் பயிராகவே வைக்கிறார்கள். கண்வலிக்கிழங்கு என்றால்தான் இங்கே தெரியும். நம் மாநிலப் பூ. விதைக்காக வளர்க்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற சத்து கீல்வாத மருந்துக்குப் போகிறது. ஆடியில் கிழங்கை நட்டு, கிளுவையிலோ விராலிக் குச்சியிலோ கொடியை ஏற்றிவிடுவார்கள். கொடிக்குப் பற்றுக்கம்பி என்று தனியாக ஒன்று கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். உன் படத்தில் இந்தச் சுருள் இல்லையென்றால் செடியின் பாதிக் கதை போய்விட்டது.

மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் ஓரம் நெளிநெளியாகப் பின்னோக்கி வளைந்து மேலே எழும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். அடுத்தடுத்த நாட்களில் அடிவரை சிவந்துவிடும். ஒரே கொடியில் இந்த நிறங்கள் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கலாம். இன்னும் குனிந்து பார்த்தால், மகரந்தத் தாள் ஆறும் சக்கரத்து ஆரம்போல் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக விலகி நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாதபடி அப்படி ஓர் அமைப்பு. அதனால் பூச்சியை மட்டும் நம்பாமல், காலையில் ஆள் வைத்துக் கையாலேயே மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். நீ வந்தால் அந்த விரல்களையும் படமெடு. பூவின் அழகுக்கும் அந்த உழைப்புக்கும் உள்ள தொடர்பு அதில்தான் தெரியும். மார்கழி, தையில் காய் முற்றிக் காய்ந்து வெடிக்கும். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் விதைகள். அதையும் எடுத்தால்தான் செங்காந்தளை எடுத்ததாகக் கணக்கு. ஒன்று மறக்காதே: கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. தொட்ட கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே.

ஆவாரையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அந்த மகரந்தமும் நுனியில் மட்டும் துளையுள்ள பைக்குள் அடைந்து கிடக்கும். கருவண்டு வந்து பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், ர்ர்ரென்று சத்தம் காதில் விழும், மகரந்தம் பொழியும். நீ ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றால்தான் இது கிடைக்கும். அதனால் புதர் முன்னால் போனதும் கேமராவை எடுக்காதே. முதலில் நின்று பார். யார் வருகிறார்கள், எந்தப் பூவில் உட்காருகிறார்கள், எந்தப் பூவைத் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்த பிறகு எடு. எங்கே குனிய வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

படம் எடுக்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு செடிக்குக் குறைந்தது ஆறு படம் எடு: இடத்தோடு சேர்ந்த முழுச் செடி, தண்டில் இலை அமைந்திருக்கும் விதம், இலையின் அடிப்பக்கம், பூவின் முகம், பூவைப் பக்கவாட்டில் காம்போடு, பிறகு காய். நின்ற வாக்கில் மேலிருந்து எடுக்காதே. பூவின் உயரத்துக்கு இறங்கு, விஷ்ணுகிரந்தி என்றால் மண்ணில் படுத்துவிடு. கிட்டத்தில் போகும்போது எஃப்/8 அளவுக்காவது அபர்ச்சரைச் சுருக்கு. இல்லாவிட்டால் ஒரு இதழ் நுனி தெளிந்து மற்றதெல்லாம் கரைந்துவிடும். காற்றுக் காலத்தில் ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறையக் கூடாது. தும்பை, மல்லிகை போன்ற வெள்ளைப் பூக்களும், நல்ல சிவப்பும் உச்சி வெயிலில் நரம்பு தெரியாமல் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துவை, அல்லது குடையை விரித்து நிழல் கொடு. மேகம் மூடிய காலைதான் வெள்ளைப் பூவுக்கு நல்ல நேரம். செல்போனில் எடுப்பதானால் திரையில் பூவை விரலால் தொட்டு ஃபோகஸை நிறுத்தி, வெளிச்சத்தைக் கீழே இறக்கு, அதுவே போதும். புது லென்ஸ் அவசரமில்லை. மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில், தானே பொருத்திய கேமராவில் காட்டை எடுத்தவர். அவருடைய யானைப் படங்களைத் தேடிப் பார். பொறுமையாகப் பார்க்கிறவனுக்கு நிறம்கூடக் கட்டாயமில்லை என்று புரியும்.

எடுத்த படத்துக்குத் தேதி, இடம், மண், பக்கத்தில் என்ன இருந்தது என்று நாலு வரி அன்றைக்கே எழுதிவை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதோடு இருந்த தேதியும் இடமும் கழன்றுபோகும், அதனால் மூலப் படத்தைத் தனியாகச் சேமி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. பாதிரியார் கே. எம். மாத்யூ அங்கிருந்துதான் தமிழகச் சமவெளியின் செடிகொடிகளைத் தொகுத்து 1980-களில் பெரிய நூல் வரிசையாகக் கொண்டுவந்தார். அங்கே உலர்த்தி ஒட்டிய ஒவ்வொரு செடியோடும் எங்கே, எந்த நாள், யார் எடுத்தது என்ற சீட்டு இருக்கும். சீட்டு இல்லாத செடி ஆராய்கிறவனுக்குப் பயன்படாது. உன் படத்துக்கும் அதே விதிதான். அப்படிக் குறித்துவைத்ததை ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினால் பேர் சொல்ல ஆள் கிடைப்பார்கள். சீசன்வாட்ச் என்று ஒரு திட்டமும் நடக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் தளிர், பூ, காய் எப்படி இருக்கிறதென்று பதிகிறார்கள். கொன்றை முன்கூட்டியே பூக்கிறதா என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட குறிப்புகளை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். உன் குளக்கரையில் ஒரு மரத்தை நீயும் எடுத்துக்கொள்.

மொட்டை மாடியில் சில தொட்டி வை. நித்தியகல்யாணி எல்லா மாதமும் பூக்கும். டிசம்பர் பூ பேருக்கேற்ற மாதத்தில் வரும். அந்திமந்தாரை நீ வேலைவிட்டு வரும் நேரத்தில் விரியும், அதற்காகவே அதை வை. ஒரு பெரிய தொட்டியில் பூசணி விதை போடு. நீளக் காம்போடு வெறுமனே நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிக் காய் உருண்டையாகத் தெரிவது பெண்பூ. மார்கழிக் கோலத்துக்கு ஆண்பூவைத்தான் பறிப்போம், பெண்பூவைப் பறித்தால் காய் போயிற்று. வீட்டுச் செடியை மொட்டிலிருந்து விதைவரை பார்த்துப் பழகிய கண் காட்டில் எதையும் தவறவிடாது.

சில எச்சரிக்கைகள். படத்துக்காகப் பூவைப் பறிக்காதே, மறைக்கிற பக்கத்துச் செடியை ஒடிக்காதே, தண்ணீர் தெளித்துப் பனித்துளி உண்டாக்காதே. மழைக்காலத்தில் ஈரப் பாறைமேல் விரலளவுச் செடிகள் பூத்திருக்கும், ஒரு மிதியில் அத்தனையும் போய்விடும். அபூர்வமான ஆர்க்கிட் ஏதாவது கண்ணில் பட்டால் இடத்தைப் பொதுவில் போடாதே, பிடுங்கிக்கொண்டு போக ஆள் வருவார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதே. பூனைக்காலியின் ஊதாப் பூ கொத்தாகத் தொங்கி உன்னை இழுக்கும். அதன் காயில் உள்ள சுணை பட்டால் அரிப்பு தாங்காது. உன்னிப்பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கும், படமும் அருமையாக வரும். எடு. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்து நம் காட்டை அடைத்துக்கொண்ட செடி என்பதையும் குறிப்பில் எழுது. அழகு ஒன்று, அது அங்கே செய்யும் வேலை ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கயல், இதையெல்லாம் கடமையாகச் செய்யாதே. அவசரமில்லாமல் ஒரு உயிரோடு நேரம் கழிப்பது உன் வயதில் கிடைத்தால் ஆயுளுக்கும் உதவும். வேலையில் வருத்தம் வரும் நாளில் குளக்கரைக்குப் போனால், உனக்குப் பேர் தெரிந்த, போன வாரம் எப்படி இருந்தது என்று தெரிந்த இருபது செடிகள் அங்கே இருக்கும். 2030-இல் குறிஞ்சி பார்க்கப் போகும்போது வெறும் நீல மலையாக அது உனக்குத் தெரியக் கூடாது. இத்தனை வருஷம் இலையும் தண்டுமாக வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதைத்துவிட்டு மடிகிற செடி அது என்பது புரிந்து நீ பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு ஆவாரையிலிருந்து தொடங்கு. பொங்கலுக்கு வரும்போது இலை, பூ, வண்டு, காய் எல்லாம் அடங்கிய படங்களைத் தேதியோடு கொண்டு வா. நானும் உன்னோடு உட்கார்ந்து பார்க்கிறேன். வரும்போது வெயிலுக்குத் தொப்பியும் காலுக்கு நல்ல ஷூவும் எடுத்துக்கொள், கண்வலிக்கிழங்குக் காட்டுக்குக் காலையிலேயே கூட்டிப்போகிறேன்.

நன்றாக இரு, கண்ணு.

அன்புடன்,
உன் அத்தை.