கடலோர வீட்டைக் கதையாக்கப் புகுந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும், நீ எழுதத் தொடங்கியிருக்கும் நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களும் கிடைத்தன. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு விடுமுறை வீட்டை ஸ்தலமாகக் கொண்டு, கோடைதோறும் அங்கே கூடிக் கலையும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும் என்ற உன் சங்கற்பம் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. அலைகளின் நிறத்தையும் சூரியோதயத்தின் சோபையையும் நீ வருணித்திருக்கும் பக்கங்களில் பாஷை உனக்கு நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. ஆயினும், அந்த வீட்டை அங்கிருந்து பெயர்த்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு மலைவாசஸ்தலத்து மாளிகையை வைத்தாலும் உன் கதைக்கு யாதொரு குறையும் நேராது என்று தோன்றுவதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

கடலோர விடுமுறை வீடு ஒன்றை நாவலுக்கு உகந்ததாக ஆக்குவது, அதன் மனிதர்கள் அங்கே இல்லாத மாதங்கள்தாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆண்டில் இரண்டு மாதம் சிரிப்பும் கூச்சலுமாக இருந்துவிட்டு, மிகுந்த பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் அந்த வீடு, மனிதர் இன்றியும் காலம் நடக்கிறது என்ற உண்மையைக் கண்முன் நிறுத்துகிறது. அந்த உண்மையைத் தாங்கி நிற்கத் துணிந்த கதைகளே நிலைத்திருக்கின்றன. இதற்கு நான் அறிந்தவற்றுள் தலைசிறந்த திருஷ்டாந்தத்தை உனக்குச் சொல்கிறேன்.

1881-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வால் பிரதேசத்தில் நடைப்பிரயாணம் செய்துகொண்டிருந்த லெஸ்லி ஸ்டீஃபன் என்ற அறிஞர், செயின்ட் ஐவ்ஸ் என்னும் மீன்பிடி ஊரின் மேட்டில் நின்ற டாலண்ட் ஹவுஸ் என்ற வீட்டைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்து, அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1877-ல், கிளை ரயில் பாதை அவ்வூரை எட்டியிராவிட்டால், லண்டனில் வசித்த ஒரு பெரிய குடும்பம், குழந்தைகளும் வேலைக்காரர்களும் பெட்டிகளுமாக, வருஷந்தோறும் அவ்வளவு தூரம் போய்வருவதை நினைத்தும் பார்த்திராது. கடலோர விடுமுறை வீடு என்னும் வழக்கமே பெரும்பாலும் ரயில் பெற்ற பிள்ளை. 1882 முதல் 1894 வரை அக்குடும்பத்தின் கோடைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. லெஸ்லியின் மகளாக 1882 ஜனவரியில் பிறந்து, பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ஃப் என்று உலகம் அறிந்த நாவலாசிரியைக்கு, அந்த வீட்டின் குழந்தைகள் அறையில், மஞ்சள் நிறத் திரைக்கு அப்பால் அலை உடையும் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததே வாழ்வின் ஆதிஞாபகங்களுள் ஒன்றாக நிலைத்துவிட்டது.

வளைகுடாவின் மறுகரையோரத்தில் காட்ரெவி என்னும் பாறைத்தீவின் கலங்கரை விளக்கம் தெரியும். 1854-ல் 'நைல்' என்ற நீராவிக் கப்பல் அப்பாறைகளில் மோதி, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டதன் பிறகு, 1859-ல் ஏற்றப்பட்ட விளக்கம் அது. குழந்தைகள் தங்களுக்குள் எழுதி நடத்திய குடும்பப் பத்திரிகையில், 1892-ஆம் ஆண்டில், அந்த விளக்கத்துக்குப் படகில் செல்லும் வாய்ப்பு நேர்ந்ததும், இளையவனான ஏட்ரியனுக்குப் போக அனுமதி கிடைக்காமல் அவன் பெரிதும் ஏமாந்ததும் ஒரு செய்தியாக இடம்பெற்றன. அந்தச் சிறு ஏமாற்றமே முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு 'டு தி லைட்ஹவுஸ்' என்னும் மகத்தான நாவலின் வித்தாயிற்று என்றால், ஒரு வீட்டின் நினைவு எவ்வளவு பொறுமையோடு மண்ணுக்கடியில் கிடக்க வல்லது என்பதை நீயே ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு முன்னே ஒரு பெரிய ஹோட்டல் எழும்பிக் கடற்காட்சியை மறைத்தது. 1895 மே 5-ஆம் தேதி தாயார் ஜூலியா காலமானார். அத்துடன் குத்தகையும் கைவிடப்பட்டது. தந்தையும் மறைந்தபின், 1905-ல் சகோதர சகோதரிகள் நால்வரும் மறுபடி அவ்வூருக்குச் சென்று, இருட்டிய வேளையில் அந்த வீட்டின் தோட்டம் வரை நடந்து, வேலியின் இடைவெளி வழியே வெளிச்சம் எரியும் ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, உள்ளே போக உரிமை இல்லாதவர்களாய்த் திரும்பினார்கள். அந்த நாவல் வெளியான நாள் 1927 மே 5. தாயாரின் நினைவுநாளும் அதுவே. நாற்பது வயதைக் கடந்த பின்னரும் தன்னை விடாமல் பற்றியிருந்த தாயின் குரல், அந்நாவலை எழுதி முடித்தபின் அடங்கிற்று என்று அவரே தம் நினைவுக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

இனி அந்நாவலின் அமைப்பைக் கவனி. முதற்பகுதியில் ஒரே ஒரு நாளின் பிற்பகலும் இரவும், மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு காலைப்பொழுதும் விஸ்தாரமாக நடக்க, இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் பத்து ஆண்டுகள் ஒரு சிறு பகுதியில் கடந்துபோகின்றன. அந்தப் பத்து ஆண்டுகளிலும் வீடு தனியாக இருக்கிறது. குழந்தைகளின் அறைச் சுவரில் தொங்கிய பன்றி மண்டையோட்டைக் கண்டு சிறுமி அஞ்சியதால் தாய் அதன்மேல் சுற்றிவைத்த சால்வை, யாரும் இல்லாத அறையில் மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து தொங்குகிறது. அத்தாயின் மரணமும், உலக யுத்தத்தில் மகன் மாண்டதும், பிரசவத்தில் மகள் இறந்ததும் பகர அடைப்புக்குறிகளுக்குள் ஓரிரு வாக்கியங்களில் தெரிவிக்கப்படுகின்றன. ஈரமும் காற்றும் சுவரை அரிப்பதோ பக்கம் பக்கமாகச் சொல்லப்படுகிறது. துக்கத்தை மனிதர் வாயால் புலம்பவிடாமல் ஒரு வீட்டின் மேல் ஏற்றிச் சொன்ன இந்த உபாயத்துக்கு நிகரானது நாவல் இலக்கியத்தில் அபூர்வம்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான உணர்ச்சியன்று. கடலும் கடல் சார்ந்த நிலமுமாகிய நெய்தலுக்கு உரிப்பொருளாக நம் முன்னோர் வகுத்தது இரங்கல். அந்த நிலத்தின் அழகைக் கண்டு களித்தவர்களே, அதன் சாரமாக ஏக்கத்தை வைத்தார்கள். கடல்மேல் சென்றவன் திரும்பும் வரையில் கரையில் நிற்பவளின் மனத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். விடுமுறை வீட்டின் கதையில் அந்தக் காத்திருப்பு வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. மனிதர் பிரிந்து செல்ல, கரையில் வீடு நிற்கிறது. உன் நாவலுக்கு வேண்டிய மரபு உன் காலடியிலேயே இருக்கிறது என்பதை மறவாதே.

ஆகையால், உனக்கு என் முதல் யோசனை: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த வீட்டுக்குப் போ. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது கதவுப் பலகைகள் ஊதிப்போய் நிலையில் சிக்கிக்கொள்வதையும், கீல்களும் தாழ்ப்பாள்களும் துருவேறி முனகுவதையும், காற்றிலுள்ள உப்பு சுவரில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் வெயில் அடிக்கும் நாளிலும் சுண்ணாம்பு உலராமல் உதிர்வதையும் பார். இக்காலத்துக் கான்கிரீட் வீட்டுக்கும் அதே கதிதான். உப்பு உள்ளே ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்து, மேலுள்ள காரையைப் பிளந்து தள்ளுகிறது. கடல் அந்த வீட்டைத் தின்னும் விதத்தை அறியாதவன் அதன் அழகைப் பற்றி எழுதுவது அரைகுறை ஞானமாகவே முடியும். கடலை எப்போதும் பால்கனியில் நின்று பார்த்தே எழுதாமல், மூடிய ஜன்னலுக்குப் பின்னே படுத்துக் கேட்டும் எழுது.

இரண்டாவதாக, வீட்டின் வரவு செலவை அறிந்துகொள். வுல்ஃப் நாவலில், சௌந்தரியத்தின் உருவமாகவே வரும் தாய், கண்ணாடிச் செடிவீட்டைப் பழுதுபார்க்க ஐம்பது பவுன் ஆகுமே என்பதைக் கணவரிடம் சொல்ல மனமின்றித் தவிக்கிறாள். வாடகை சொற்பம் என்பதற்காகக் கிழிந்த நாற்காலிகளையும் குழந்தைகள் கடற்கரையிலிருந்து அள்ளிவரும் மணலையும் சகித்துக்கொள்கிறாள். அந்த ஐம்பது பவுன் இல்லாவிட்டால் அவள் வெறும் சித்திரமாகியிருப்பாள். உன் வீடு யார் பெயரில் இருக்கிறது, வர்ணம் பூசும் செலவை எந்தச் சகோதரன் ஏற்கிறான், தகப்பனார் காலமானபின் அதை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சை முதலில் எடுப்பவர் யார்—குடும்பத்தின் அன்பும் பகையும் வெளிப்படும் இடங்கள் இவையே.

மூன்றாவது, தூரத்தின் பயனைப் பற்றியது. நாவலாசிரியை டாப்னி டு மாரியரின் குடும்பம் 1926-ல் கார்ன்வாலின் போடினிக்கில், ஆற்று முகத்தில், விடுமுறைக்கென்று ஒரு வீடு வாங்கிற்று. அங்கே தங்கிய நாட்களில்தான் அவர் மெனபில்லி என்ற பழைய மாளிகை காட்டுக்குள் பாழடைந்து கிடப்பதைக் கண்டு, அத்துமீறி நுழைந்து அலைந்தார். அவ்வீட்டில் குடியிருக்கும் பாக்கியம் குத்தகையின் மூலம் 1943-ல்தான் அவருக்குக் கிடைத்தது. 1938-ல் வெளியான 'ரெபெக்கா'வையோ, அதற்கு முன்பே, கணவரின் ராணுவ உத்தியோகத்தை முன்னிட்டு அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த நாட்களில், எகிப்தின் வெயிலில் வாடிக்கொண்டு எழுதத் தொடங்கியிருந்தார். கைக்கு எட்டாத வீடே கற்பனைக்கு முழுவதும் வசப்பட்டது. எனினும் தூரம் விவரங்களை மங்கச் செய்யும் என்பதையும் நினைவில் வை. வுல்ஃப் தம் கார்ன்வால் வீட்டை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு மாற்றி எழுதியபோது, தோட்டத்தை மாற்ற மறந்தார். அத்தீவுப் பகுதியில் ரூக் பறவைகளோ எல்ம் மரங்களோ டாலியாப் பூக்களோ இல்லை என்று ஆலிவியர் பிரபு அவருக்கு எழுதிக் காட்டினார். நாவல் அதனால் தாழ்ந்துவிடவில்லையாயினும், நீ நெய்தல் நிலத்தில் எந்த மரத்தை நட்டாலும், அம்மணலில் அது வேர் பிடிக்குமா என்று கேட்டறிந்தபின் நடு.

நான்காவது, பெரிய துக்கத்தைச் சிறிய இடத்தில் வை. பின்லாந்து வளைகுடாவில் கிளோவ்ஹாருன் என்னும் பாறைத்தீவில், அறுபதுகளின் நடுவில், நான்கு திசைக்கும் நான்கு ஜன்னல் வைத்த ஒற்றை அறை வீட்டைக் கட்டிக்கொண்டு கோடைகளைக் கழித்த எழுத்தாளர் டூவே யான்ஸன், தம் தாயார் 1970-ல் மறைந்தபின், 1972-ல் 'கோடைப் புத்தகம்' என்ற நூலை வெளியிட்டார். ஒரு பாட்டியும் பேத்தியும் தீவில் கழிக்கும் நாட்களே அதில் உள்ளன. அச்சிறுமியின் தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தி ஒரே ஒரு தடவை, போகிற போக்கில் வருகிறது. ஆனால் நூலில் உள்ள ஒவ்வொரு பாசியும் ஒவ்வொரு கல்லும் அந்த இழப்பை அறிந்தே கிடக்கின்றன. உன் இரண்டாம் அத்தியாயத்தில் தாத்தாவின் மரணத்துக்கு நீ ஒதுக்கியிருக்கும் பன்னிரண்டு பக்கங்களை இந்த வெளிச்சத்தில் மறுபடி படித்துப் பார்.

கடைசியாகச் சொல்வதையே முக்கியமானதாகக் கருதுகிறேன். வுல்ஃப் நாவலில், பத்து ஆண்டு மூடிக்கிடந்த வீட்டை, எஜமானர்கள் வருகிறார்கள் என்ற செய்தி கேட்டு, அழிவின் விளிம்பிலிருந்து இழுத்து நிறுத்துபவர்கள் மிஸஸ் மக்நாப், மிஸஸ் பாஸ்ட் என்னும் இரண்டு கிழவிகள். கையில் துடைப்பமும் வாளியுமாக, முதுகு வலிக்க வலிக்க அவர்கள் செய்யும் வேலையால்தான் அந்த நாவலுக்கு மூன்றாம் பகுதியே வாய்க்கிறது. ஆயினும், மற்றவர் உள்ளங்களில் அவ்வளவு ஆழம் கண்ட அந்த மேதை, இக்கிழவியரின் உள்ளத்தை மங்கலானதாகவே காட்டிவிட்டார் என்று எனக்குப் படுகிறது. அவர் விட்ட இடத்திலிருந்து நீ தொடங்கலாம். உன் கதையில் வரும் வீட்டின் சாவி பத்து மாதமும் யார் இடுப்பில் இருக்கிறது? பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து மணலைக் கூட்டுகிறவளுக்கு, அந்த மதில் எழும்புவதற்கு முன்னால் அவ்விடத்தில் தன் தகப்பன் படகை இழுத்து வைத்ததும் வலை உலர்த்தியதும் ஞாபகம் இருக்குமல்லவா? கொண்டலும் வாடையும் எப்போது திரும்பும் என்பதை அறிந்தவள் அவள். விருந்தினர் எவரும் அதை அறியார். அவளைக் காப்பி கொண்டுவரும் கைகளாக மட்டும் உன் கதையில் வைக்காதே. அவளுக்கும் ஒரு நினைவு, ஒரு கோபம், அந்த வீட்டின் மேல் ஓர் உரிமை உணர்ச்சி உண்டு; உன் பாத்திரங்களுக்கு அது விடுமுறை, அவளுக்கு அது வருஷம் முழுவதும்.

ஆகவே, முதல் இரண்டு அத்தியாயங்களைக் கிழித்துப் போட வேண்டாம். பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வீடு பூட்டப்பட்ட மறுநாளிலிருந்து தொடங்கும் ஓர் அத்தியாயத்தைப் புதிதாக எழுது. அதில் சாவி வைத்திருப்பவளைத் தவிர வேறு எவரும் வேண்டாம். அதை எழுதி முடித்தபின், முன்பு எழுதியவற்றில் எது நிற்கும், எது நீங்கும் என்பது உனக்கே விளங்கும். உனக்குக் கண்ணும் காதும் வாய்த்திருக்கின்றன, உழைப்புக்கும் நீ அஞ்சுபவனல்லன். இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ள உன்னைவிடத் தகுதியானவரை நான் அறியேன். தைக்குள் அந்த அத்தியாயத்தை அனுப்பி வை, ஆவலோடு படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் முயற்சி சித்தி பெற விரும்பும்
அண்ணன்