யானைக்கும் அந்த வழிதான்!

கேள்வி: மைசூர் பக்கம் ஹனூரில் ஒரு தோட்ட வீட்டில், காலைச் சாப்பாட்டோடு இரண்டு நாள் தங்க ஆசை. மேட்டூரிலிருந்து காரில் போகிறோம். கன்னடம் தெரியாது. முன்பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்? – வாசகி, மேட்டூர்

பதில்: மொழிக் கவலையை விடுங்கள், அம்மா. ஹனூர் இருக்கும் கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மைசூரோடு சேர்ந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. இன்றும் அங்கே தமிழ் தாராளமாகச் செல்லும்.

முன்பணத்துக்கு முன் நான்கு கேள்விகள்: கர்நாடக சுற்றுலாத் துறையில் பதிவு உண்டா? வாடகை ஆளுக்கா, அறைக்கா? கழிப்பறை அறைக்குள்ளேயா, தோட்டத்துக்குள்ளேயா? இராத்திரிச் சாப்பாடு உண்டா? கடைசிக் கேள்வி முக்கியம். காலையில் ராகி ரொட்டி கிடைக்கும் என்று நம்பிப் போய், இரவில் பசியோடு படுக்கக் கூடாது. பக்கத்தில் ஓட்டல் இருக்காது.

பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலை ஏறித்தான் ஹனூருக்குப் போவீர்கள். அது 2013இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. யானை நடமாட்டம் உண்டு. காலையில் கிளம்பி, வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். இருட்டிய பின் தோட்டத்தில் உலா வேண்டாம். அமாவாசை, சிவராத்திரி, தீபாவளி நாட்களில் மலைக்கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். அந்தத் தேதிகளைத் தவிருங்கள்.

நேரம் மிஞ்சினால், 1970களில் அமைந்த ஒடையர்பாளையம் திபெத்தியர் குடியிருப்பையும் பார்த்து வாருங்கள். மோமோ கிடைத்தால் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்!