அம்புக்குக் கூர் எதற்கு?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1934இல் வில்லோடு மான் வேட்டையாடத் தனிப் பருவம் அறிவித்தது. இன்றும் அந்த நாட்டில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் உரிமம் பெற்றவர்கள் வில்லெடுத்துக் காட்டுக்குப் போகிறார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் அது தொடர்வதால், அம்பு முனையைத் தீட்டுவதைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளால் அவதிப்படுவது மான்தான்.

வில்லில் வலு இருந்தால் முனை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பது பரவலான எண்ணம். துப்பாக்கியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். கப்பி வைத்த நவீன வில்லிலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்குச் சுமார் 80 மீட்டர் வேகத்தில் போகும். அதன் ஆற்றல் ஏறக்குறைய 100 ஜூல். மான் வேட்டையில் பயன்படும் .30-06 ரைபிள் தோட்டாவின் ஆற்றல் 3,500 ஜூலுக்கும் மேல். தோட்டா தன் பாதையைச் சுற்றியுள்ள சதையையும் சேர்த்துச் சிதைக்கும். அம்பால் அது முடியாது. நுரையீரலையும் இதயத்தை ஒட்டிய பெரிய குழாய்களையும் அறுத்து, ரத்தம் வடியவைத்துத்தான் அது கொல்கிறது. ஆகவே விளிம்பில் கூர் இல்லையென்றால் அங்கே ஆயுதமே இல்லை. விஸ்கான்சின் விதிகள்கூட முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. நன்றாகத் தீட்டியும் இருக்க வேண்டும் என்கின்றன.

இரண்டாவது நம்பிக்கைதான் அதிகத் தீங்கு செய்வது. அரத்தால் ராவிச் சொரசொரப்பாக விட்ட விளிம்பு சதையைக் கிழிக்கும், கிழிந்த காயத்தில் ரத்தம் கூடுதலாக வரும் என்று பல மூத்த வில்லாளிகள் இன்னமும் சொல்கிறார்கள். உடம்பு இயங்குவது நேர்மாறாக. ரத்தக் குழாய் அறுபட்டால் அதன் உட்சுவருக்கு அடியிலுள்ள கொலாஜென் வெளியே தெரியும்; தட்டணுக்கள் அதில் போய் ஒட்டும். நைந்த திசுவிலிருந்து கசியும் பொருள்கள் ரத்தம் உறைவதை முடுக்கிவிடும். காயம் எவ்வளவு நைந்திருக்கிறதோ, உறைதலும் அவ்வளவு விரைவு. பிய்ந்த தமனி உள்ளுக்குச் சுருங்கித் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. இயந்திரத்தில் சிக்கிப் பிய்ந்துபோன கையைவிட, கத்தியால் சீராக வெட்டுப்பட்ட கையில் ரத்தம் அதிகம் பெருகலாம் என்பது விபத்துச் சிகிச்சை மருத்துவர்கள் அறிந்த விஷயம். சவரம் செய்யும்போது பட்ட ஒரு மயிரிழைக் கீறல் எவ்வளவு நேரம் கசிகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ரத்தக் குழாய் ரப்பர்போல நெகிழும். மழுங்கிய விளிம்பு பட்டால் அது நழுவி ஒதுங்கிவிடும்; கூரான விளிம்பு தொட்டாலே அறுபடும். ஒதுங்கிப்போன அந்தக் குழாயோடு மான் காட்டுக்குள் ஓடி, எங்கோ ஒரு புதரில் நாள்கணக்கில் கிடந்து சாகக்கூடும். அதைக் கொடுமை என்றுதான் நான் சொல்வேன்.

கைமுடியை மழித்தால் கூர் ஏறிவிட்டது என்று நம்புவோரும் உண்டு. பாதிதான் சரி. கல்லில் ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் மெல்லிய பிசிறு சுருண்டு எழும். விரல் நுனியை விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தால் அது தட்டுப்படும். இந்தப் பிசிறும் முடியை மழிக்கும்! ஆனால் விலா எலும்பில் பட்ட கணமே மடங்கி விளிம்பை மொண்ணையாக்கிவிடும். பக்கத்துக்கு ஓர் இழுப்பாக, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே கல்லில் மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் தோல்வாரில் பின்னோக்கி இழுத்தால்தான் அது முழுதாகப் போகும். பிறகு விளக்கின் கீழ் விளிம்பை நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி அதன்மேல் அலகை லேசாக வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அழுத்தாமலே அறுபட வேண்டும்.

கடையில் வாங்கிய புது முனை கூராகத்தான் இருக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். அமெரிக்க வில்வேட்டைக்காரர் ஃபிரெட் பேர் 1956இல் கொண்டுவந்த புகழ்பெற்ற ரேசர்ஹெட் முனையில் சவர பிளேடு போன்ற மெல்லிய துண்டு செருகப்பட்டிருந்தது. பிரதான அலகைத் தீட்டுவது வேட்டைக்காரர் பொறுப்பாகவே இருந்தது.

கோணம் சிறுத்தால் கூர் மிகும் என்பது உண்மை. அதனால் சிறுத்த கோணமே நல்லது என்பது பொய். மிக மெல்லிய விளிம்பு எலும்பில் பட்டால் பெயர்ந்துவிடும். மூன்று அலகு முனையில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. இரண்டு அலகுகளைக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு பக்கமும் தானாகவே 30 பாகை அமையும், மொத்தம் 60. எளிதான வேலை, ஆனால் விளிம்பு தடித்தது. இரண்டு அலகு முனையை இதைவிட மெல்லியதாகத் தீட்டலாம். கை ஆடாமல் கோணம் காப்பது கடினம். சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசித் தேய்த்தால், மை அழியாத இடம் கல் படாத இடம். சுழலும் சாணைச் சக்கரத்தைத் தவிர்த்துவிடுங்கள். எஃகு சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று.

ஒருமுறை தீட்டியது பருவம் முழுக்கத் தாங்கும் என்பது கடைசி நம்பிக்கை. முடி மிருதுவானது, எஃகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சவர பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான மனித முடியே பிளேடின் விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்த்தது. மானின் ரோமத்தையும் தோலையும் துளைத்து மண்ணில் குத்திய முனையை மறுபடி தீட்டாமல் நாணேற்றக் கூடாது. பயிற்சி இலக்கில் எய்த முனையும் மழுங்கியதுதான். பயிற்சிக்கு வேறு முனை வைத்துக்கொள்ளுங்கள், வேட்டைக்கானதை வாஸ்லின் பூசி மூடி வையுங்கள்.