சமன்பாடு சரி, கவுன்ட்டர் ஏன் தவறுகிறது?

கேள்வி: ஏ, பி என்ற இரண்டு சிக்னல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் சர்க்யூட்டை ஒரே ஒரு 74எல்எஸ்00 ஐ.சி.யில் அமைத்தேன். கார்னா மேப் போட்டுச் சுருக்கிய சமன்பாடுதான். உண்மை அட்டவணையின் எட்டு வரிசைகளும் சரியாக வருகின்றன. ஆனால் ஏ, பி இரண்டும் 1 ஆக இருக்கும்போது தேர்வு சுவிட்சை (எஸ்) 1-லிருந்து 0-க்கு மாற்றினால், அவுட்புட்டில் இணைத்த கவுன்ட்டர் சில சமயம் ஒன்று கூடுதலாக எண்ணிவிடுகிறது. 0-லிருந்து 1-க்கு மாற்றும்போது இப்படி ஆவதில்லை. சுவிட்ச் அதிர்வை லாட்ச் போட்டு நீக்கிவிட்டேன். எங்கே பிழை?
– பாலிடெக்னிக் மாணவி, சேலம்

பதில்: எந்தத் திசையில் மாற்றும்போது கோளாறு வருகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எஸ்.பி + எஸ்பார்.ஏ என்ற உங்கள் சமன்பாட்டில் பிழை இல்லை. ஆனால் எஸ் மாறிய அதே கணத்தில் எஸ்பார் மாறுவதில்லை. இன்வெர்ட்டராக நீங்கள் போட்ட நேண்ட் கேட்டைக் கடக்க ஏறக்குறைய 10 நானோ விநாடி ஆகும். எஸ் 0 ஆனதும் பி-யின் வழி மூடிவிடும். ஏ-யின் வழி இன்னும் திறந்திருக்காது. அந்த இடைவெளியில் அவுட்புட் 0-க்கு இறங்கி, உடனே ஏறிவிடுகிறது. அந்தத் துடிப்பைத்தான் கவுன்ட்டர் எண்ணுகிறது. எதிர்த்திசையில் இரு வழிகளும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால் இறக்கமே வராது. இதற்கு ஸ்டாட்டிக்-1 ஹசார்டு என்று பெயர்.

உண்மை அட்டவணையில் நேரத்துக்கு இடமே கிடையாது. 1953-இல் மாரிஸ் கார்னா தந்த மேப்பிலும் அப்படித்தான். ஆனால் ஆபத்து எங்கே என்று மேப் காட்டிவிடும். உங்கள் மேப்பில் இரண்டு வளையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லையின் இருபுறமும் உள்ள 1-களைச் சேர்த்துப் பிடிக்கும் வளையம் இல்லை. ஏ.பி என்ற அந்த மூன்றாவது வளையத்தைப் போடுங்கள். சுருக்கும்போது தேவையில்லை என்று தள்ளிவிடும் உறுப்பு அது. எஸ் எப்படி மாறினாலும் அவுட்புட்டை 1-லேயே நிறுத்துவதும் அதுதான். மிகச் சிறிய சர்க்யூட்தான் மிக நல்ல சர்க்யூட் என்று மாணவர்கள் நம்பிவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வயரிங் எளிது. 7400-இல் கடைசியாக இருந்த கேட்டை ஏ, பி-க்குக் கொடுங்கள். மூன்று முடிவுகளையும் 7410-இல் உள்ள ஒரு மூன்று உள்ளீட்டு நேண்ட் கேட்டில் சேருங்கள். அதில் மிஞ்சும் கேட்களின் உள்ளீடுகளைத் தொங்கவிட வேண்டாம்.

இரண்டு உள்ளீடுகள் ஒரே நேரத்தில் மாறினால் இந்த வைத்தியம் போதாது. அப்போது கவுன்ட்டருக்குத் தனி கிளாக் கொடுத்து, இந்த அவுட்புட்டை எனேபிள் பின்னுக்கு மாற்றுங்கள். அவுட்புட் வெறும் எல்.இ.டி.க்குப் போவதென்றால், உங்கள் பழைய ஒற்றை ஐ.சி. சர்க்யூட்டே போதும்.